தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட இயக்குநர்: நியூகாஸில் கழகமும் காத்திருப்பின் விலையும்

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் நியூகாஸில் யுனைடெட் கால்பந்துக் கழகம் சுருக்கமான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கழகத்தின் விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் விலக விரும்புவதாகத் தெரிவித்திருக்கிறார். அவர் 'கார்டனிங் லீவ்' எனப்படும் விடுப்பில் வைக்கப்பட்டிருக்கிறார் என்பதே அதன் சாரம். அவர் போக விரும்பிய இடம் மான்செஸ்டர் யுனைடெட். மறுநாள் அக்கழகத்தின் 27.7 விழுக்காட்டுப் பங்குகள் ஜிம் ராட்கிளிஃப் என்ற தொழிலதிபரின் கைக்கு முறைப்படி வந்து சேர்ந்தன. கால்பந்து நிர்வாகமும் அவர் வசமானது. புதுமனை புகுந்தவர் முதலில் தேடியது நல்ல கணக்குப்பிள்ளையை. ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளை அடுத்த ஊர்ப் பண்ணையில் இருந்தார்.

விளையாட்டு இயக்குநர் பந்தை உதைப்பவர் அல்லர். சனிக்கிழமை ஆட்டத்தில் யாரைக் களமிறக்குவது என்று முடிவு செய்பவரும் அல்லர். எந்த ஆட்டக்காரரை வாங்குவது, எந்த விலைக்கு மேல் பேச்சை நிறுத்திக்கொள்வது, யாருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது, பயிற்சியாளர் போனால் அடுத்தவர் யார், இளையோர் பயிற்சிப் பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் ஆகியவை அவர் பொறுப்பு. ஒரு கழகத்தின் அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் மனத்தில் முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கும். இப்படிப்பட்ட ஒருவர் போட்டிக் கழகத்துக்குப் போகிறேன் என்று சொன்ன பிறகு, கோடைக்காலக் கொள்முதல் கூட்டத்தில் அவரை எப்படி உட்கார வைப்பது? நியூகாஸில் பயிற்சியாளர் எடி ஹவ் வெளிப்படையாகவே கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். ஆகவே சம்பளம் வரும், அலுவலகம் வர வேண்டாம் என்று ஏற்பாடாயிற்று.

அவரை உடனே விடுவிக்க நியூகாஸில் கேட்பதாகப் பத்திரிகைகளில் வந்த தொகை 2 கோடி பவுண்டு. நல்ல இளம் ஆட்டக்காரர் ஒருவரின் விலை அது. ராட்கிளிஃப் அந்தத் தொகையைக் கேலி செய்தார். திறமையுள்ள ஒரு மனிதரை ஒன்றரை ஆண்டு தோட்டத்தில் உட்கார வைப்பது அபத்தம் என்றும், மான்செஸ்டர் சிட்டியிலிருந்து தலைமை நிர்வாகி ஓமர் பெர்ராடாவை அழைத்துக்கொண்டபோது இரு தரப்பும் பெரியமனிதத் தன்மையோடு பேசித் தீர்த்துக்கொண்டதாகவும் கூறினார். வாங்க வந்தவர் சந்தையில் நின்று பேசும் பேச்சுதான் இது. 2022 பிப்ரவரியில் இதே ஆஷ்வொர்த் பிரைட்டன் கழகத்திலிருந்து விலகி, இதே வகை விடுப்பில் காத்திருந்து, கழகங்கள் இழப்பீடு பேசி முடித்த பிறகு ஜூன் மாதம் நியூகாஸிலில் சேர்ந்தார். அன்று வாங்குபவர் பக்கம் நின்ற நியூகாஸில், இரண்டே ஆண்டில் விற்பவர் பக்கம் வந்து நின்றது.

இந்த விடுப்பின் பெயரே வேடிக்கையானது. ஆங்கிலேய அரசு அலுவலக வழக்கிலிருந்து வந்த இடக்கரடக்கல் இது. 1986இல் பி.பி.சி.யில் ஒளிபரப்பான 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' நாடகத் தொடர் அதைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுசேர்த்தது. சந்தேகத்துக்கு ஆளான அதிகாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 'ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்' என்று நாசூக்காகச் சொல்லும் வழக்கம். தமிழில் இதைத் 'தோட்ட விடுப்பு' என்று பெயர்த்தால் ஒரு முரண் தானாகவே வெளிப்படும். விடுப்பு என்ற சொல்லின் வேர் 'விடு'. இங்கே விடுவது என்பது நடப்பதே இல்லை. பிடித்து வைப்பதுதான் நடக்கிறது. விடுப்பு என்பது தொழிலாளி கேட்டு முதலாளி தருவது. இதையோ முதலாளியே தருகிறார், தொழிலாளி மறுக்கவும் முடியாது. தோட்டம் என்ற சொல்லும் ஒப்புக்குத்தான். அது வேலியைக் குறிக்கிறது.

வேலிக்கு வயது அதிகம். 1414இல், ஐந்தாம் ஹென்றி காலத்தில், ஜான் டயர் என்ற சாயத் தொழிலாளி ஆறு மாத காலம் தன் ஊரில் அத்தொழிலைச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை மீறிவிட்டார் என்று எதிராளி வழக்குக்கு வந்தபோது, ஹல் என்ற நீதிபதிக்குக் கோபம் தலைக்கேறியது. வழக்காடி மட்டும் இங்கே இருந்திருந்தால், ஆண்டவன் மீது ஆணை, அரசருக்குத் தண்டம் கட்டும்வரை சிறையில் கிடந்திருப்பான் என்று அவர் சினந்ததை அக்கால நீதிமன்றப் பிரெஞ்சு மொழியிலேயே எழுத்தர் பதிந்து வைத்திருக்கிறார். உழைக்கும் கையைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் அன்றைய நீதிபதியின் பார்வையில் அரசருக்கே எதிரான குற்றம். பின்னர் வந்த நூற்றாண்டுகள் இந்தக் கோபத்தைத் தணித்தன. 1711இல் ரொட்டிக்கடை குத்தகை ஒன்றைப் பற்றிய வழக்கில், நியாயமான அளவில், தகுந்த பிரதிபலனோடு, குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் கட்டுப்பாடு இருந்தால் செல்லும் என்ற தீர்ப்பு வந்தது. 'நியாயமான அளவு' எது என்று தேடுவதிலேயே ஆங்கிலேய வழக்கறிஞர்கள் மூன்று நூற்றாண்டுகளாகப் பிழைத்து வருகிறார்கள்.

கால்பந்து இயக்குநர் விவகாரத்துக்கு மிக நெருங்கிய முன்னோடி ஓர் இசையரங்கில் இருக்கிறது. 1852இல் யோஹன்னா வாக்னர் என்ற பாடகி, இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் அண்ணன் மகள், லண்டனில் பெஞ்சமின் லம்லியின் அரங்கில் மட்டுமே பாடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிப் போட்டி அரங்கை நடத்திய ஃபிரெடரிக் கை அவரை அழைத்துக்கொண்டார். லம்லி நீதிமன்றம் போனார். சான்சலர் பதவியில் இருந்த செயின்ட் லியோனார்ட்ஸ் பிரபு சொன்ன தீர்வு இன்றும் உயிரோடிருக்கிறது: ஒருவரைப் பாடு என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் வேறிடத்தில் பாடாதே என்று தடுக்க முடியும். கை நடத்திய அரங்கின் பெயர் கோவென்ட் கார்டன். முற்காலத்துத் துறவியர் மடத்தின் தோட்டம் இருந்த இடம் அது. மடத்துத் தோட்டத்தில் பாடப் போனவரை நீதிமன்றம் பாடவிடாமல் வீட்டில் இருத்தியது என்பது சொல்லின் விளையாட்டு மட்டும்தான் என்றாலும் விட்டுவிட மனம் வராத விளையாட்டு.

அடுத்த ஆண்டு லம்லி கை மீதே வழக்குத் தொடுத்தார். இன்னொருவரிடம் ஒப்பந்தத்தில் இருப்பவர் என்று தெரிந்தே ஆளைக் கலைத்து அழைத்துக்கொள்பவரும் பொறுப்பாளி ஆவார் என்ற கோட்பாடு அதிலிருந்து பிறந்தது. மான்செஸ்டர் யுனைடெட் போன்ற செல்வக் கழகம், ஆஷ்வொர்த்தை அப்படியே அழைத்துக்கொண்டு போகாமல் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தியதற்குப் பின்னால் இந்தப் பழைய பாடகி நிற்கிறார்.

கார்டனிங் லீவுக்குச் சட்ட உரம் கிடைத்தது 1980களில்தான். வேலையை விட்டபிறகு போட்டியாளரிடம் சேரக்கூடாது என்று எழுதி வாங்கும் நிபந்தனைகளை ஆங்கிலேய நீதிமன்றங்கள் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தன. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வேறு வழி கண்டார்கள். ஆளை வேலையை விட்டே போக விடாதே. நீண்ட முன்னறிவிப்புக் காலம் எழுது. அக்காலம் முழுதும் சம்பளம் கொடு. வேலை மட்டும் கொடுக்காதே. அவர் இன்னும் உன் ஊழியர்தானே, எனவே விசுவாசக் கடமையும் அவர் தலைமீது இருக்கும். லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழின் தயாரிப்பு மேலாளர் ஹெண்டர்சன், 12 மாத முன்னறிவிப்புக்குப் பதிலாக 2 மாதம் மட்டும் கொடுத்துவிட்டு ராபர்ட் மேக்ஸ்வெல் தொடங்கவிருந்த போட்டி நாளிதழுக்குப் போக முயன்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் தடுத்தது. நாளிதழ் நிறுவனம் முழுச் சம்பளமும் தருவதாக உறுதியளித்ததே அதற்கு அடிப்படை. ஆனால் அதே நீதிமன்றம் 1989இல் அறிக்கையிடப்பட்ட வேறொரு வழக்கில், ஒரு நிதி இயக்குநரைத் தடுக்க மறுத்தது. அவர் போன வேலையால் பழைய முதலாளிக்கு உண்மையான தீங்கு இல்லை என்றது. 1998இல் வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனம் தன் ஊழியர் ஒருவரை வீட்டில் உட்கார வைத்தபோது, ஒப்பந்தத்தில் அதற்கான வெளிப்படையான வாசகம் இல்லை. திறமையைப் பயன்படுத்தினால்தான் திறமை வளரும். இப்படிப்பட்டவருக்குச் சம்பளம் மட்டும் போதாது, வேலை செய்யும் உரிமையும் உண்டு என்று நீதிபதிகள் கூறினார்கள். சம்பளம் வந்துகொண்டிருந்தாலும் சும்மா இருப்பதில் ஒரு நட்டம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் தன் தாய்ச் சட்டத்தைவிடக் கடுமையானது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. 'நியாயமான அளவு' என்ற ஆங்கிலேயச் சலுகை அதில் இல்லை. இரண்டே ஆண்டில் கல்கத்தாவில் பித்தளைப் பாத்திரத் தொழிலாளர் இருவரின் வழக்கில் தலைமை நீதிபதி ரிச்சர்ட் கவுச் அதை அப்படியே உறுதிப்படுத்தினார். பணிக்காலத்துக்குள் போட்டி வேலை பார்க்கக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் ஏற்றது; ஆனால் பணி முடிந்தபின் நீளும் தோட்ட விடுப்பு வாசகம் ஒன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அது 27ஆம் பிரிவில் அடிபட்டுப் போனது.

நியூகாஸிலுக்குத் திரும்பலாம். ஏனெனில் ஆளைப் பிடித்து வைப்பதில் அந்த ஊருக்கு இதைவிடப் பெரிய வரலாறு ஒன்று உண்டு.

1893 முதல் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் 'தக்கவைத்தலும் மாற்றுதலும்' என்ற முறை இருந்தது. ஆட்டக்காரரின் பதிவு கழகத்தின் கையில். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், ஆனால் அது முடிந்த பிறகும் கழகம் அவர் பெயரைத் தக்கவைப்போர் பட்டியலில் எழுதினால், அவர் லீக்கின் வேறு எந்தக் கழகத்திலும் ஆட முடியாது. கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளமும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தும் முடியாத இந்த நிலையை எதிர்த்து ஹெர்பர்ட் கிங்கபி என்ற ஆட்டக்காரர் 1912இல் ஆஸ்டன் வில்லா மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். செலவில் ஆட்டக்காரர் சங்கமே திவாலாகும் நிலைக்குப் போனது. அதன் பிறகு அரை நூற்றாண்டு யாரும் நீதிமன்றப் படியேறவில்லை.

ஏறியவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1956இல் நியூகாஸிலுக்கு வந்த மெல்லிய உடல்வாகுள்ள, நுட்பமான ஆட்டக்காரர். கழகம் கொடுத்த வீடு வாழத் தகுந்ததாக இல்லை, ஏற்பாடு செய்வதாகச் சொன்ன பகுதிநேர வேலையும் சரியில்லை என்று மனக்கசப்பு வளர்ந்தது. 1960 கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. தன்னை மாற்றிவிடக் கேட்டார். கழகம் மறுத்துத் தக்கவைப்போர் பட்டியலில் அவர் பெயரை எழுதியது. ஈஸ்ட்ஹாம் ஆட மறுத்தார். தெற்கே சர்ரே பகுதிக்குப் போய், எர்னி கிளே என்ற நண்பரிடம் வேலைக்குச் சேர்ந்து, தக்கை விற்றார். இங்கிலாந்தின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவர் தக்கை விற்று அலைந்த அந்த மாதங்களையும் தோட்ட விடுப்பு என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. தோட்ட விடுப்பில் சம்பளம் உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. அன்று ஆட்டக்காரரின் உச்சவரம்புச் சம்பளமே வாரம் 20 பவுண்டு.

1960 நவம்பரில் நியூகாஸில் இறங்கி வந்து 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலிடம் விற்றது. அத்தோடு அவர் வழக்கைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் ஜிம்மி ஹில் தலைமையிலிருந்த ஆட்டக்காரர் சங்கம் துணை நிற்க, அவர் தொடர்ந்தார். வேலைநிறுத்த மிரட்டலின் முன் 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தக்கவைக்கும் முறை நியாயமற்ற தொழில் தடை என்றார் நீதிபதி ரிச்சர்ட் வில்பர்ஃபோர்ஸ். தம் ஒப்பந்தங்களை அடிமைச் சாசனம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லிவந்த காலம் அது. அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் நேர் வழித்தோன்றல் அந்த நீதிபதி என்பதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் வலிந்து புனைந்தது என்றிருப்பார்கள்.

கழகங்களும் லீக்கும் முன்வைத்த வாதம் இன்றைய வாசகருக்குப் பழக்கமாக ஒலிக்கும். ஆளைப் பிடித்து வைக்காவிட்டால் பணக்காரக் கழகங்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். நாங்கள் வளர்த்த ஆளுக்கு ஈடு வேண்டும். போட்டியின் சமநிலை கெட்டுவிடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சமநிலையின் செலவைத் தனி மனிதர் ஒருவர் தன் வாழ்நாளிலிருந்து கொடுக்க வேண்டுமா என்பதே வில்பர்ஃபோர்ஸ் முன்னிருந்த கேள்வி. 1995 டிசம்பரில் பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான் மார்க் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் மீதியையும் முடித்தது: ஒப்பந்தம் முடிந்தவருக்கு மாற்றுக் கட்டணம் கேட்கக் கூடாது.

ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கும் கயிறு இப்படி இழை இழையாக அறுபட்ட அதே காலத்தில்தான், நிர்வாகிகளைப் பிடித்து வைக்கும் கயிறு திரிக்கப்பட்டது. ஆட்டக்காரருக்குப் பதிவு உண்டு, பதிவை விற்கலாம், அதற்கொரு சந்தையும் பருவமும் உண்டு. விளையாட்டு இயக்குநருக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை. எனவே அவரை விற்க முடியாது. அவருடைய காலத்தைத்தான் விற்க முடியும். முன்னறிவிப்புக் காலம் நீளமானால் விலை கூடும். ஒவ்வொரு மாதம் கழியும்போதும் விலை குறையும். பனிக்கட்டி வியாபாரம் போன்றது. விற்பவரும் வாங்குபவரும் உருகுவதைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுகிறார்கள். நியூகாஸில் முதலில் உயரத்தில் நின்றதும், மான்செஸ்டர் யுனைடெட் பொறுமை காட்டியதும் இந்தக் கணக்கில்தான்.

இதில் நியூகாஸில் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்வது எளிது, சரியல்ல. ஆஷ்வொர்த் பேரம் பேசத் தெரியாத தொழிலாளி அல்லர். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அதே வாசகத்தின் நிழலில் நான்கு மாதம் முன்பே உட்கார்ந்து பார்த்தவர். ஈஸ்ட்ஹாமின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, இவருடையது முடியவில்லை. ஈஸ்ட்ஹாம் தக்கை விற்றார்; இவருக்கு மாதச் சம்பளம் வந்தது. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது ஈஸ்ட்ஹாமுக்குச் செய்யும் அநீதி. என்றாலும் இரண்டு விவகாரங்களிலும் கழகம் கோரியது ஒன்றையே: வேறிடத்தில் இந்த மனிதர் பயன்படாமல் இருப்பதற்கான உரிமை. தனக்குப் பயன்படுவதைப் பற்றிய பேச்சு, இரண்டிலுமே அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

பேச்சு முறிந்து விவகாரம் நடுவர் தீர்ப்பை நோக்கி நகர்ந்த நிலையில், 2024 ஜூலை 1 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இரண்டு கழகங்களின் கணக்காண்டும் ஜூன் 30இல் முடிகிறது என்பதைக் கணக்காளர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். தொகை வெளியிடப்படவில்லை. ஆனால் 2 கோடிக்கு மிகவும் கீழே என்பதில் செய்தியாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நான்கரை மாதம் தோட்டத்தில் கழிந்திருந்தது.

மான்செஸ்டரில் அவர் இருந்தது அதைவிடச் சில வாரங்கள்தான் கூடுதல். பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கைத் தக்கவைக்கும் முடிவு அவர் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அக்டோபரில் டென் ஹாக் நீக்கப்பட்டார். டிசம்பர் 8 அன்று ஆஷ்வொர்த்தும் விலகினார். யாரைத் தோட்டத்தில் வைப்பது அபத்தம் என்று ராட்கிளிஃப் சொன்னாரோ, அவரை வேலையில் வைத்துக்கொள்ள அவருடைய கழகத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் பொறுமை இல்லை. பயிற்சியாளர் குழுவும் இவரும் போன வகையில் ஏற்பட்ட செலவாக 1 கோடியே 45 லட்சம் பவுண்டைக் கழகம் தன் கணக்கில் காட்டியது.

அதே டிசம்பர் 20 அன்று ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தம் 88ஆம் வயதில் காலமானார். 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் இடம்பெற்றும் ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படாதவர் அவர். அஞ்சலிக் குறிப்புகள் அதையும் சொல்லின. ஆனால் எல்லாமே தொடங்கியது நியூகாஸில் வழக்கிலிருந்துதான்.

ஆஷ்வொர்த் 2025இல், முன்பு பல ஆண்டுகள் பணியாற்றிய இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்கே திரும்பினார். இம்முறை அவரை விடுவிக்கக் கேட்க வேண்டிய கழகம் எதுவும் இருக்கவில்லை.